துப்பாக்கி கையில் இருந்தால் யாரிடமிருந்து விடுதலை?

மாணவப் பருவத்தில் ஒரு பயிற்சி முகாமில் ஐந்தே ஐந்து தோட்டா சுட்டிருக்கிறேன். பழைய பாயிண்ட் டூ-டூ ரைபிள். தரையில் குப்புறப் படுத்து, கட்டையைத் தோளோடு அழுத்தி, மூச்சைப் பிடித்துக்கொண்டு விசையை இழுக்க வேண்டும். காது கொஞ்ச நேரம் ரீங்காரமிட்டது. மருந்து நெடி மூக்கைவிட்டுப் போகவில்லை. ஐந்தில் மூன்று, பலகையிலேயே படவில்லை. அப்படியும் எழுந்து நின்றபோது முதுகு தானாக நிமிர்ந்தது. இனி என்னை யாரும் ஒன்றும் செய்துவிட முடியாது என்பதுபோல ஒரு மிதப்பு. பத்து நிமிடத்தில் இறங்கிவிட்டது. ஆனாலும் அந்த மிதப்பைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அதனால்தான், துப்பாக்கி என் சுதந்திரத்தின் ஒரு பகுதி என்று ஒருவர் சொன்னால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. பியூ ஆய்வு மையம் 2017-இல் அமெரிக்கர்களிடம் இதைக் கேட்டது. துப்பாக்கி வைத்திருப்பவர்களில் 74 சதவீதம் பேர், அந்த உரிமை தங்கள் சுதந்திர உணர்வுக்கு இன்றியமையாதது என்றார்கள். வைத்திராதவர்களில் அப்படிச் சொன்னவர்கள் 35 சதவீதம். சரி, உணர்வு இருக்கிறது. அதோடு சுதந்திரமும் கூடுகிறதா? இதற்குப் பதில் தேடும்போது கூடவே ஒன்று கேட்டாக வேண்டும்: யாரிடமிருந்து விடுதலை? அரசிடமிருந்தா, வீடு புகுந்து தாக்க வருபவனிடமிருந்தா, பக்கத்தில் துப்பாக்கியோடு நிற்கும் இன்னொருவரிடமிருந்தா? கேட்கக் கேட்கப் பதில் மாறிக்கொண்டே போகிறது.

ஒரு நாடு தேர்ந்தெடுக்கக்கூடிய வழிகள் ஏறக்குறைய மூன்று. அமெரிக்க வழியில் துப்பாக்கி என்பது பிறவி உரிமை மாதிரி. மறுப்பதென்றால் அரசுதான் காரணம் காட்ட வேண்டும். 1791-இல் அரசியல் சாசனத்தில் சேர்ந்த இரண்டாவது திருத்தம் இதற்கு அடிப்படை. மொத்தமே ஒரு வாக்கியம். முன்பாதி ஒழுங்குக்கு உட்பட்ட மக்கள்படையைப் பேசுகிறது, பின்பாதி மக்களின் ஆயுத உரிமையைப் பேசுகிறது. எந்தப் பாதிக்கு எடை அதிகம் என்பதில்தான் அத்தனை சண்டையும். 2008-இல் ஹெல்லர் வழக்கில் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற கணக்கில், அது தனிமனிதரின் உரிமை, தற்காப்புக்காக வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்றது. 2022-இல் புரூயன் வழக்கில், வெளியே எடுத்துச் செல்வதும் உரிமைதான் என்று இன்னொரு படி போனது.

சுவிட்சர்லாந்து, பின்லாந்து, செக் குடியரசு போன்றவை நடு வழி. துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம், அதற்கு விசாரணை, உரிமம், பதிவு எல்லாம் உண்டு. செக் குடியரசில் தேர்வு எழுதி, மருத்துவச் சான்று காட்டி, குற்றப் பின்னணி இல்லை என்றும் நிரூபித்துவிட்டால் அதிகாரி தன் இஷ்டத்துக்கு மறுக்க முடியாது. 2021-இல், சட்டத்துக்கு உட்பட்டு ஆயுதத்தோடு உயிரைக் காத்துக்கொள்ளும் உரிமையை அடிப்படை உரிமைகள் சாசனத்திலேயே எழுதிக்கொண்டார்கள்.

கடைசி வழி ஜப்பானும் பிரிட்டனும். ஜப்பானில் சாதாரண ஆளுக்குக் கைத்துப்பாக்கி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஷாட்கன் வேண்டுமென்றால் வகுப்பில் உட்கார வேண்டும், எழுத்துத் தேர்வு, சுடும் தேர்வு, மனநலம் குறித்து மருத்துவர் சான்று, அப்புறம் போலீஸ் விசாரணை. துப்பாக்கி ஒரு பூட்டுக்குள், தோட்டா வேறொரு பூட்டுக்குள். வருடத்துக்கு ஒருமுறை போலீசிடம் கொண்டுபோய்க் காட்ட வேண்டும். ரைபிள் வாங்க ஆசைப்பட்டால், ஷாட்கனைப் பத்து வருடம் ஒழுங்காக வைத்திருந்த பிறகுதான் விண்ணப்பமே.

ஜெனீவாவில் இயங்கும் ஸ்மால் ஆர்ம்ஸ் சர்வே 2017 நிலவரத்தைக் கணக்கிட்டது. பொதுமக்கள் கையில் இருக்கும் துப்பாக்கிகள் 100 பேருக்கு அமெரிக்காவில் 120, ஏமனில் 53, பின்லாந்தில் 32, சுவிட்சர்லாந்தில் 28, ஜப்பானில் 0.3. துப்பாக்கி கூடக் கூடச் சுதந்திரம் கூடும் என்றால், இந்த வரிசையும் அரசியல் சுதந்திர வரிசையும் கொஞ்சமாவது ஒத்துப்போக வேண்டும். போகவில்லை. நாடுகளின் அரசியல் சுதந்திரத்தை அளக்கும் ஃப்ரீடம் ஹவுஸ் அமைப்பு வருடாவருடம் போடும் மதிப்பெண்ணில் பின்லாந்து உச்சியில் இருக்கிறது, ஜப்பான் அதற்கு மிக அருகில், அமெரிக்கா இருவருக்கும் கீழே, ஏமன் அடிமட்டத்தில். சதாம் உசேன் காலத்து ஈராக்கில் வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருந்தது, சதாமும் இருந்தார். இப்படி நாடுகளை வரிசைப்படுத்தி எதையும் நிரூபித்துவிட முடியாதுதான். ஒன்றுமட்டும் தெரிகிறது: துப்பாக்கியின் எண்ணிக்கை ஒரு நாட்டின் சுதந்திரத்தைத் தீர்மானிப்பதில்லை. வேறு ஏதோ தீர்மானிக்கிறது.

இனி அரசிடமிருந்து விடுதலை என்ற வாதத்துக்கு வருவோம். விஷயம் மிகுதியாக இருப்பது இங்கேதான்.

இந்த வாதத்துக்குச் சாட்சியாக அமெரிக்கத் துப்பாக்கி ஆதரவாளர்கள் காந்தியைக்கூட அழைத்து வருவதுண்டு. பிரிட்டிஷ் ஆட்சியின் கொடுமைகளிலேயே மிகக் கறுப்பானதாக, ஒரு தேசத்தையே நிராயுதபாணியாக்கிய சட்டத்தை வரலாறு பார்க்கும் என்று அவர் எழுதியது உண்மை. அவர் சொன்னது 1878-ஆம் வருடத்து ஆயுதச் சட்டம். இந்தியர்களுக்கு உரிமம் கட்டாயம், ஐரோப்பியர்களுக்கு விலக்கு என்ற சட்டம். ஆனால் அந்த வரி எங்கே வருகிறது என்று பார்க்க வேண்டும். 1918-இல், பிரிட்டிஷ் ராணுவத்தில் சேருங்கள் என்று ஆள் திரட்டுவதற்காக அவர் எழுதிய துண்டறிக்கையில்! அதன் பிறகு அந்த ஆட்சியை எதிர்த்து அவர் நடத்திய போராட்டங்களில் ஒரு தோட்டாவுக்கும் வேலை இருக்கவில்லை.

எரிகா செனோவெத், மரியா ஸ்டீபன் என்ற இரண்டு ஆய்வாளர்கள், 1900 முதல் 2006 வரை ஆட்சிகளை எதிர்த்து நடந்த 323 பெரும் போராட்டங்களை எடுத்துக் கணக்குப் போட்டார்கள். ஆயுதமில்லாதவற்றில் 53 சதவீதம் வென்றன. ஆயுதம் ஏந்தியவற்றில் 26 சதவீதம். காரணம் எளிது. துப்பாக்கிப் போராட்டத்தில் இளைஞர்கள் மட்டும்தான் சேர முடியும். ஊர்வலத்தில் பாட்டியும் நடக்கலாம். எதிரில் சுட வருபவனைச் சுடுவதில் சிப்பாய்க்குத் தயக்கம் இருக்காது, கூட்டத்தில் தன் அத்தை நின்றால் கை நடுங்கும். 1986-இல் பிலிப்பைன்ஸில் மார்க்கோஸ் ஓடியதும், 1989-இல் கிழக்கு ஜெர்மனி சரிந்ததும் இப்படித்தான்.

எதிர்ப்பக்கமும் வெறுங்கையோடு இல்லை. 1946-இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்து ஏதென்ஸ் என்ற ஊரில், தேர்தல் வாக்குப்பெட்டிகளை ஷெரிப் எனப்படும் உள்ளூர்க் காவல் தலைவரின் ஆட்கள் சிறைக்குள் தூக்கிப்போய்ப் பூட்டிக்கொண்டார்கள். உலகப்போரிலிருந்து திரும்பியிருந்த ராணுவ வீரர்கள் ஆயுதங்களோடு சிறையை முற்றுகையிட்டு, விடிவதற்குள் பெட்டிகளை மீட்டார்கள். வாக்கு எண்ணப்பட்டது, அவர்கள் நிறுத்திய வேட்பாளர்கள் வென்றார்கள். துப்பாக்கி ஜனநாயகத்தைக் காப்பாற்றிய நிகழ்ச்சி என்றால் இதுதான். ஆயுதங்களில் பெரும்பகுதி அரசின் கிடங்கிலிருந்து எடுத்தவை என்பது ஒரு பக்கக் குறிப்பு. முக்கியமான விஷயம் வேறு. எதிரில் இருந்தது ஓர் ஊர் ஷெரிப், ராணுவம் வரவில்லை.

ராணுவம் வந்தால் என்ன ஆகும் என்பதை, போலந்துத் தலைநகரில் யூதர்களை நாஜிகள் அடைத்துவைத்திருந்த வார்சா கெட்டோ 1943-இல் காட்டியது. நாஜிகள் துப்பாக்கியைப் பறித்ததால்தான் யூதர்கள் அழிந்தார்கள் என்று சொல்பவர்கள் உண்டு. 1938-இல் நாஜிகள் பெரும்பாலான ஜெர்மானியர்களுக்குத் துப்பாக்கிச் சட்டத்தைத் தளர்த்தினார்கள், அதே வருடம் நவம்பரில் யூதர்களுக்கு முழுக்கத் தடை போட்டார்கள். வார்சாவில் யூத இளைஞர்கள் எப்படியோ கைத்துப்பாக்கிகளும் கைக்குண்டுகளும் சேர்த்து ஏறக்குறைய ஒரு மாதம் தாக்குப்பிடித்தார்கள். எப்படிச் சாவது என்பதை அவர்களே முடிவு செய்தார்கள். அதுவும் ஒருவகைச் சுதந்திரம் என்று யாராவது சொன்னால் மறுக்க எனக்கு நா எழாது. ஆனால் அந்தச் சட்டத்தில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. துப்பாக்கி உரிமை எல்லோரிடமிருந்தும் பறிக்கப்படவில்லை. யார் குடிமக்கள், யார் இல்லை என்று முதலில் கோடு கிழித்தார்கள்; துப்பாக்கி அந்தக் கோட்டின்படி பிரிந்தது.

அமெரிக்கக் கறுப்பின மக்களின் வரலாற்றில் இந்தக் கோடு இன்னும் தெளிவாகத் தெரியும். அடிமைமுறை ஒழிந்த 1865-இலேயே மிசிசிப்பி மாநிலம், விடுதலையான கறுப்பினத்தவர் துப்பாக்கி வைத்திருக்கத் தடை போட்டது. 1873-இல் லூசியானாவின் கோல்பாக்ஸ் ஊரில், தேர்தல் முடிவைக் காக்க நீதிமன்றக் கட்டடத்துக்குள் ஆயுதங்களோடு இருந்த கறுப்பினத்தவரை, பீரங்கியோடு வந்த வெள்ளையர் கும்பல் கொன்று குவித்தது. பலர் சரணடைந்த பிறகு கொல்லப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. இரண்டாவது திருத்தம் மத்திய அரசை மட்டும்தான் கட்டுப்படுத்தும் என்று 1876-இல் தீர்ப்பு வந்தது. ஏட்டில் இருந்த உரிமை அவர்கள் வீட்டு வாசல்வரை வரவில்லை.

1956-இல் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசினார்கள். அவர் மறைத்து எடுத்துச் செல்லத் துப்பாக்கி உரிமம் கேட்டார், மறுத்துவிட்டார்கள். அதன்பின் அவர் துப்பாக்கியையே விட்டுவிட்டார். 1964-இல் லூசியானாவிலேயே, வெள்ளை இனவெறி அமைப்பான கு கிளக்ஸ் கிளானின் கும்பல்களிடமிருந்து உரிமைப் போராளிகளைக் காக்க 'டீக்கன்ஸ் ஃபார் டிஃபென்ஸ்' என்ற ஆயுதக் காவல் குழு பிறந்தது. போலீசே கிளானின் பக்கம் நின்ற ஊர்களில் அவர்கள் வாசலில் காவல் இருந்ததால்தான் பல வீடுகளில் இரவு தூங்க முடிந்தது. துப்பாக்கி சுதந்திரம் தரும் என்ற கட்சிக்கு எனக்குத் தெரிந்து இதைவிட நல்ல சாட்சி கிடையாது. அரசு காப்பாற்ற மறுக்கும் இடத்தில், எதிரி கும்பலாக இருக்கும் இடத்தில், அது வேலை செய்தது.

பிறகு 1967. ஆயுதம் ஏந்திய கறுப்பின இயக்கமான கருஞ்சிறுத்தைக் கட்சியினர் சட்டம் அனுமதித்தபடியே துப்பாக்கிகளோடு கலிபோர்னியா சட்டமன்றக் கட்டடத்துக்குள் நடந்து போனார்கள். மூன்று மாதத்துக்குள், தோட்டா நிரப்பிய துப்பாக்கியைப் பொது இடத்தில் கொண்டு செல்வதைத் தடுக்கும் சட்டம் நிறைவேறியது. கையெழுத்திட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். 2016-இல் மினசோட்டாவில் காரை நிறுத்திய போலீஸ்காரரிடம், தன்னிடம் துப்பாக்கி இருக்கிறது என்று முறையாகச் சொன்ன கறுப்பினத்தவர் ஒருவர், காதலியும் அவருடைய குழந்தையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுடப்பட்டு இறந்தார். உரிமம் அவரிடம் இருந்தது. சுட்டவரை நீதிமன்றம் விடுவித்தது. ஆக, துப்பாக்கி உரிமைக்கு எவ்வளவு மதிப்பு என்பது, அதை வைத்திருப்பவரைச் சட்டம் ஆளாக மதிக்கிறதா என்பதைப் பொறுத்தது. மதித்தால் துப்பாக்கி அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. மதிக்காவிட்டால் துப்பாக்கியே அவரைச் சுடுவதற்குச் சாக்காகிவிடுகிறது.

சரி, வீடு புகுந்து தாக்குபவன்? அரசைப் பற்றிய வாதத்தைவிட இது எனக்கு நியாயமாகவே படுகிறது. 2005-இல் காஸல் ராக் வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், கணவர் நெருங்கக் கூடாது என்ற நீதிமன்ற ஆணையைப் போலீஸ் அமல்படுத்தாமல் விட்டதற்காக ஒரு பெண் வழக்குப் போட முடியாது என்றது. அவருடைய மூன்று பெண் குழந்தைகளும் கொல்லப்பட்டிருந்தார்கள். 2022-இல் டெக்சாஸின் யுவால்டி பள்ளியில் 376 அதிகாரிகள் ஆயுதங்களோடு வந்து சேர்ந்தும், வகுப்பறைக்குள் நுழைய 77 நிமிடம் ஆனது. உள்ளே 19 குழந்தைகளும் இரண்டு ஆசிரியர்களும் கொல்லப்பட்டார்கள். போலீசை நம்பாதே என்று ஒருவர் சொன்னால், இவற்றை வைத்துக்கொண்டு என்ன பதில் சொல்வது? அதே யுவால்டியில், நல்லவர் கையில் துப்பாக்கி இருந்தால் போதும் என்ற வாதமும் அந்த நடைபாதையிலேயே 77 நிமிடம் நின்றது என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

துப்பாக்கியால் தற்காத்துக்கொள்வது எத்தனை முறை நடக்கிறது என்பதில் ஒற்றுமை இல்லை. 1990-களில் தொலைபேசிவழி நடந்த ஓர் ஆய்வு வருடத்துக்கு 25 லட்சம் முறை என்றது. அரசின் குற்றப் பாதிப்புக் கணக்கெடுப்பில் அது ஒரு லட்சத்தைச் சுற்றியே, அதற்கும் கீழேயே வந்தது. இவ்வளவு இடைவெளி இருக்கும் எண்ணை வைத்து நான் எதையும் வாதிட மாட்டேன். வீட்டுக்குள் பார்ப்போம். கலிபோர்னியாவில் லட்சக்கணக்கானவர்களைப் பல வருடம் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு 2022-இல் வெளிவந்தது. தன்னிடம் துப்பாக்கி இல்லாமல், துப்பாக்கி வைத்திருப்பவரோடு ஒரே வீட்டில் வாழ்பவர்கள் கொலையாகும் விகிதம், துப்பாக்கியே இல்லாத வீடுகளில் வாழ்பவர்களைவிட இரண்டு மடங்கு. துணைவரின் கையால் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்படுவது ஏழு மடங்கு. அப்படி இறந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அன்னியனுக்காக வாங்கிய துப்பாக்கிக்கு அன்னியன் யார் என்று தெரியாது.

இதில் ஒரு நடைமுறைச் சிக்கலும் இருக்கிறது. நள்ளிரவில் கதவு உடையும் சத்தம் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். துப்பாக்கி பெட்டகத்தில், தோட்டா வேறு இடத்தில், சாவி எங்கோ. கண்ணாடியைத் தேடி, எண்ணை அழுத்தி, தோட்டாவை எடுத்துப் போடுவதற்குள் வந்தவன் மாடி ஏறியிருப்பான். உடனே கைக்கு வர வேண்டுமென்றால் தோட்டாவோடு தலையணைப் பக்கத்து இழுப்பறையில் இருக்க வேண்டும். அங்கே இருந்தால் ஆறு வயதுப் பிள்ளைக்கும் அது எட்டும், மனம் உடைந்து உட்கார்ந்திருக்கும் பதினாறு வயதுக்கும் எட்டும். பாதுகாப்பாக வைத்தால் உதவாது, உதவுகிற மாதிரி வைத்தால் பாதுகாப்பில்லை. விரல்ரேகைப் பெட்டகங்கள் இந்த இடைவெளியைக் கொஞ்சம் குறைக்கின்றன, மூடிவிடுவதில்லை.

அந்தப் பதினாறு வயது என்றதும் இன்னொரு கணக்கு. 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். பாதிக்கு மேல் தற்கொலை. துப்பாக்கி எடுத்தவர்களில் பத்தில் ஒருவர் பிழைப்பதே அரிது. வேறு வழிகளில் முயன்று பிழைத்தவர்களில் பெரும்பாலானோர் பிற்பாடு தற்கொலையால் இறப்பதில்லை. அந்த ஒரு இரவைத் தாண்டிவிட்டால் வாழ்கிறார்கள். சுவிட்சர்லாந்து 2003-இல் ராணுவத்தைப் பாதியாகக் குறைத்தது. வீட்டில் ராணுவத் துப்பாக்கி இருந்த ஆண்களின் எண்ணிக்கையும் குறைந்தது. அந்த வயது ஆண்களிடையே துப்பாக்கித் தற்கொலைகள் குறைந்தன. குறைந்ததில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூடுதலாக மட்டுமே வேறு வழிக்கு மாறியிருந்தது. மற்றவர்கள் இருக்கிறார்கள். செத்தவருக்குச் சுதந்திரம் ஏது? வாதத்தில் இதை யாரும் சேர்ப்பதில்லை, ஏனென்றால் இதில் எதிரி என்று யாரும் இல்லை.

அடுத்தவரின் சுதந்திரம் என்ற விஷயத்துக்கு ஒரே காட்சி போதும். 2020 ஏப்ரல் 30, மிச்சிகன் சட்டமன்றம். ஊரடங்கை எதிர்த்து வந்தவர்களில் சிலர் ரைபிள்களோடு பார்வையாளர் மாடத்தில் நிற்கிறார்கள். சட்டப்படி தவறில்லை. கீழே அவையில் சில உறுப்பினர்கள் குண்டு துளைக்காத கவசம் அணிந்து உட்கார்ந்திருக்கிறார்கள். யாரும் சுடவில்லை. மேலே நின்றவர்கள் தங்கள் சுதந்திரத்தைப் பயன்படுத்தினார்கள். கீழே இருப்பவர் அன்றைக்கு எழுந்து மாற்றுக் கருத்தைப் பேச எவ்வளவு சுதந்திரம் இருந்திருக்கும்? துப்பாக்கி தரும் விடுதலை எதிரில் நிற்பவரிடமிருந்து கடன் வாங்கியது. எதிரில் நிற்பவரும் வாங்கிவிட்டால், முன்பு வெறுங்கையோடு இருந்தபோது இருந்த அதே சமநிலைதான், கூடவே இருவருக்கும் பயம்.

அதற்காக ஜப்பான் வழிக்கு நான் கை தூக்கவில்லை. வருடாவருடம் போலீஸ் உங்கள் பூட்டைப் பார்ப்பதும் உங்களைப் பற்றி அக்கம்பக்கம் விசாரிப்பதும் சுதந்திரக் குறைவுதான். அந்த அதிகாரத்தை எல்லா நாட்டுப் போலீசிடமும் நம்பிக் கொடுத்துவிட முடியாது. 1996-இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஆசிரியையும் கொல்லப்பட்ட பிறகு, பிரிட்டன் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முழுக்கத் தடை செய்தது. அந்த நாட்டுப் போட்டி வீரர்கள் பயிற்சிக்கு வெளிநாடு போக வேண்டியதாயிற்று. பெரிய இழப்பில்லை, ஆனாலும் இழப்பு. அப்புறம், ஜப்பானின் இவ்வளவு கட்டுப்பாட்டுக்கு நடுவிலும் 2022-இல் அதன் முன்னாள் பிரதமர் ஷின்சோ அபே, வீட்டில் செய்த துப்பாக்கியால் கொல்லப்பட்டார்.

என் தேர்வு நடு வழிதான். ஆனால் அதைப் பெட்டியில் கட்டி எங்கும் அனுப்ப முடியாது. சுவிட்சர்லாந்தில் 2011-இல் ராணுவத் துப்பாக்கிகளை வீட்டில் வைக்காமல் கிடங்கில் வைக்கலாமா என்று வாக்கெடுப்பு நடந்தது, மக்கள் வேண்டாம் என்றார்கள். 2019-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் கடுமையான விதிகளை ஏற்கலாமா என்றபோது ஏற்றுக்கொண்டார்கள். அரசைத் திருத்துவதற்கு வாக்குச்சீட்டு இருப்பதால் துப்பாக்கி அங்கே வேட்டைக்கும் விளையாட்டுக்கும் ராணுவக் கடமைக்கும் உரிய ஒரு பொருளாக இருக்க முடிகிறது. சுமார் 39 கோடித் துப்பாக்கிகள் ஏற்கெனவே வெளியில் இருக்கும் அமெரிக்காவில் இதே சட்டத்தை நாளை நகல் எடுத்தால் இதே பலன் வரும் என்று நான் நம்பவில்லை. ஆஸ்திரேலியா 1996-இல் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு ஆறரை லட்சம் துப்பாக்கிகளைக் காசு கொடுத்து வாங்கி அழித்தது. 39 கோடிக்கு அந்தக் கணக்கு எங்கே?

தனி ஆளாக முடிவு செய்ய வேண்டியவருக்கு என் யோசனை எளிது. போலீஸ் வந்து சேர ஒரு மணி நேரமாகும் ஒதுக்குப்புறத்தில், வனவிலங்குக்கு நடுவே வாழ்பவர் என்றால் உரிமம் வாங்கி வைத்துக்கொள்ளட்டும். வீட்டில் பிள்ளைகளோ, மனச்சோர்வில் இருப்பவரோ, கோபம் வந்தால் தன்னை மறப்பவரோ இருந்தால் வேண்டாம்; அந்தக் கோபக்காரர் நாமாகவே இருந்தாலும் வேண்டாம். முன்னாள் கணவரின் மிரட்டலில் தனியாக வாழும் பெண் என்றால் எனக்குத் திடமான பதில் இல்லை. பயிற்சி எடுத்து வைத்துக்கொள்கிறேன் என்று அவர் சொன்னால், காஸல் ராக் தீர்ப்பைப் படித்த பிறகு, வேண்டாம் என்று சொல்லும் துணிவு எனக்கு வராது.

அந்த முகாமில் சுட்டு முடித்ததும் எங்களை வரிசையில் உட்கார வைத்துக் காலித் தோட்டாக்களை எண்ணினார்கள். ஆளுக்கு ஐந்து. ஒன்று குறைந்தது. பயிற்றுநர் ஒன்றும் திட்டவில்லை, புல்லைக் கையால் விலக்கித் தேடுங்கள் என்றார். வெயிலில் அரைமணி நேரம் நாற்பது பேர் மண்டியிட்டுத் தேடினோம். என் முழங்காலுக்கு அடியிலேயே இருந்தது. எடுத்துக் கொடுத்த பிறகுதான் சாப்பிட விட்டார்கள்.